சாயம் ஏன் உரிகிறது, ஈ.எல்.சி.பி. (மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச்) ஏன் விழுகிறது: சொந்தக் கையால் வீட்டைப் புதுப்பிப்பவர்களுக்கு

வீட்டு வேலைக் குத்தகைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுத் தலை சுற்றி, "நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று இறங்கியவர்களுக்காக எழுதுகிறேன். மலேசியாவில், கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்தில், செராஸ், கெப்போங் பக்கத்து இரட்டை மாடித் தொடர் வீடுகளிலும், செந்தூல், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிகளிலும், ஜார்ஜ்டவுன் கடைவீடுகளிலும் மறுபடி மறுபடி வரும் கோளாறுகள் இவை. கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

புது வேலை கெட்டுப்போனால் புது வேலையையே குறை சொல்லத் தோன்றும். பெரும்பாலும் குற்றம் அதற்கு அடியில் இருக்கும்: முன்பு குடியிருந்தவர் மூடிவிட்டுப் போன ஈரம், ஒட்டுப் போட்ட வயர், துருப்பிடித்த குழாய். அதனால் கீழே எல்லா இடத்திலும் சோதனை முதலில் வரும், சிமெண்டு பிறகுதான் வரும்.

தொடங்குமுன் மூன்று காரியங்கள். தண்ணீர் மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள வால்வையும், கூரைத் தாங்கியிலிருந்து (கூரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி) இறங்கும் வால்வையும் மூடித் திறந்து பாருங்கள். பல வீடுகளில் இரண்டாவது வால்வு இறுகிப்போய்த் திரும்பவே திரும்பாது. அதை வெள்ளம் வந்த பிறகு கண்டுபிடிக்கக் கூடாது. வீட்டு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியில் எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டுங்கள். உடைத்த சுவரை மூடுவதற்கு முன் அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடித்த சாயம் கொப்புளிக்கிறது, உரிகிறது

தீபாவளிக்கு முன் வீட்டுக்குச் சாயம் அடிப்பது நம் வழக்கம். கோலாலம்பூரில் மழை கொட்டும் மாதங்களில் அக்டோபரும் நவம்பரும் உண்டு. பினாங்கில் அது செப்டம்பர், அக்டோபர். ஆக, சுவர் நன்றாக நனைந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் நாம் அதன் மேல் பிளாஸ்டிக் போன்ற ஒரு படலத்தை ஒட்டுகிறோம். பெருநாளைத் தள்ளி வைக்க முடியாது. உள்ளறைகளை அப்போதே அடித்துக்கொள்ளுங்கள். மழை படும் வெளிச்சுவரையும் குளியலறையின் மறுபக்கச் சுவரையும் பிப்ரவரியிலோ ஜூன், ஜூலையிலோ முடித்துவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

கொப்புளம் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குள், கூடவே வெள்ளைப் பொடி பூத்திருந்தால், மண்ணிலிருந்து ஈரம் சுவர் வழியாக ஏறுகிறது. அந்தப் பொடி உப்பு. ஈரம் ஆவியாகும்போது உப்பு வெளியே வந்து சாயத்தைத் தள்ளுகிறது. சுவரின் நடுவில் ஒரு திட்டு மட்டும் ஊறியிருந்து, மறுபக்கம் குளியலறையாக இருந்தால் குழாயையோ டைல்ஸ் இடுக்கையோ சந்தேகப்படுங்கள். மேல் மூலையில் இருந்தால் கூரை அல்லது மழைநீர்க் கால்வாய். சுவர் முழுவதும் பரவலாக இருந்து பூச்சும் புதிதென்றால், பூச்சு காயவில்லை என்று பொருள். புது சிமெண்டுப் பூச்சுக்கு 28 நாளாவது கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் அதில் காரம் மிச்சமிருக்கும் என்பதால், காரம் தாங்கும் சீலரை, அதாவது அடிப்பூச்சை, முதலில் அடிக்காமல் மேல்சாயத்துக்குப் போகாதீர்கள். ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) "இந்தச் சாயத்துக்கு சீலர் வேண்டாம்" என்று சொன்னால், அது பழைய சாயத்தின் மேல் அடிக்கும்போது மட்டும் உண்மையாக இருக்கலாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமா? சமையலறை அலுமினியத் தாளை ஒரு முழம் அளவு வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் சுவரில் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டு உரித்துப் பாருங்கள். தாளின் பின்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. முன்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றில் இருக்கிறது, அதற்கு ஜன்னலும் மின்விசிறியுமே மருந்து. பின்பக்கம் ஈரம் காட்டும் சுவரில் என்ன விலைச் சாயம் அடித்தாலும் அது உரியத்தான் செய்யும்.

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். அந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டி, சுண்ணாம்பே பூசியவை. மண்ணீர் ஏறினாலும் பூச்சின் வழியாக வெளியேறிவிடும். வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றாக நீங்கிய பிறகு நிறையக் கட்டடங்கள் வேகவேகமாகச் சீராக்கப்பட்டன. அப்போது பல சுவர்களுக்கு சிமெண்டு பூசி, மேலே எண்ணெய்ச் சாயமும் அடித்தார்கள். வழி அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற கறை இப்போது தோள் உயரத்தில் நிற்பது அதனால்தான். நீர் தடுக்கும் பூச்சை இன்னொரு அடுக்கு பூசினால் கறை இன்னும் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். சிமெண்டுப் பூச்சைச் செங்கல் சிதையாமல் கையால் தட்டி எடுத்து, சுவரைச் சில மாதங்கள் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும் போடுவதே சரியான வழி. அதற்கும் முன் ஒரு படி இருக்கிறது. 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் உங்கள் வீடு இருந்தால், முகப்பைத் தொடுமுன் பினாங்கு மாநகர் மன்றத்தின் பாரம்பரியப் பிரிவைக் கேட்க வேண்டும். சாய நிறத்துக்கும் அங்கே விதி உண்டு.

சிலிங்கில் பழுப்பு வளையம்

வளையத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து உடைக்காதீர்கள். தண்ணீர் உத்திரத்தின் மேல் ஊர்ந்து, வயர்க் குழாய்க்குள் ஓடி, பள்ளம் கிடைக்கும் இடத்தில்தான் சொட்டும். இடத்தை விட நேரம் அதிகம் சொல்லும். ஒரு வாரம் கவனியுங்கள்.

மழை பெய்த மாலையில் மட்டும் கறை கறுத்தால் கூரை. அதிலும் சாய்வான காற்று மழைக்கு மட்டும் ஒழுகினால், கூரை ஓடுகளை விட்டுவிட்டு, உங்கள் கூரையும் பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரும் சேரும் இடத்தைப் பாருங்கள். தொடர் வீடுகளில் அங்கே பூசியிருக்கும் சிமெண்டுப் பட்டை வெயிலில் வெடித்துக் கிடக்கும். மழை இல்லாத நாளிலும் ஈரமாக இருந்து, குளித்த பிறகு கூடினால் மாடிக் குளியலறை. குளிர்சாதனம் ஓடும் இரவில் மட்டும் சொட்டினால் அதன் கழிவுநீர்க் குழாயில் பாசி அடைத்திருக்கிறது, அல்லது குழாயைச் சுற்றிய பஞ்சுறை கிழிந்து குழாய் வியர்க்கிறது. இது நால்வகையிலும் சுலபமானது, செலவும் குறைவு. நாள் முழுக்க ஒரே அளவு ஈரம் என்றால் அழுத்தத்தில் உள்ள குழாய் அல்லது கூரைத் தாங்கியில் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை.

குழாய்ச் சந்தேகத்துக்கு மீட்டர் சோதனை: எல்லாப் பைப்பையும் (தண்ணீர் பிடிக்கும் குழாய்முனைகள்) மூடி, தாங்கிக்கு ஏறும் வால்வையும் மூடிவிட்டு மீட்டரின் சிறு சக்கரத்தைப் பாருங்கள். தாங்கி வால்வை மூட மறந்தால் மிதவை நிரப்பிக்கொண்டிருப்பதைக் கசிவு என்று நினைத்து ஏமாறுவீர்கள். சக்கரம் நின்றுவிட்டால் தெருக் குழாயோடு நேராகச் சேர்ந்த பகுதி நன்றாக இருக்கிறது. தாங்கியிலிருந்து இறங்கும் பகுதி இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கிறது. இரவில் தாங்கியில் நீர்மட்டத்தைக் கோடு போட்டு, யாரும் தண்ணீர் எடுக்காமல், காலையில் பாருங்கள்.

குளியலறைத் தரைக்கு: தரை வடிகாலை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் சமையல் சாயம் கலந்தால் கீழே எங்கு வருகிறது என்பது தெளிவாகத் தெரியும். டைல்ஸ் இடுக்கில் மட்டும் பூசும் நீர்தடுப்பு மருந்துகள் சில மாதம் தாங்கும். தரை டைல்ஸை உடைத்து மாற்றியவர்களுக்கு வரும் கசிவு அதனால் தீராது, ஏனென்றால் உடைக்கும்போதே அடியில் இருந்த நீர்தடுப்புப் படலம் கிழிந்துபோயிருக்கும். புதுப் படலத்தைத் தரையோடு நிறுத்தாமல் சுவரில் 15 முதல் 30 செ.மீ. வரை ஏற்றி, குளிக்கும் மூலையில் தலைக்கு மேல் வரை கொண்டுபோக வேண்டும். குழாய்கள் தரையைத் துளைத்துப் போகும் வாய்களில்தான் அதிகம் கவனம் வேண்டும். டைல்ஸ் ஒட்டுமுன் இன்னொரு முறை 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திச் சோதியுங்கள். எந்தக் கூலிக்காரரும் விரும்பாத படி இது. நீங்களே செய்யும்போது தவிர்க்கக் காரணமே இல்லை.

அடுக்குமாடியில் மேல்வீட்டிலிருந்து ஒழுகினால் சண்டைக்குப் போகாதீர்கள், கடிதம் கொடுங்கள். 2015-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடிச் சொத்து) நிர்வாக விதிமுறைகளின்படி, உங்கள் எழுத்து அறிவிப்புக் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். கோளாறு மேலே இருப்பதாகவே விதி எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது மேலே இருப்பவர் பொறுப்பு. அதே விதி, நீங்கள் உங்கள் குளியலறையை உடைத்த மறுவாரம் கீழ்வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டும்போதும் செல்லும். வீடு புதிதாக இருந்து, சாவி வாங்கி 24 மாதம் ஆகவில்லை என்றால் கையே வைக்காதீர்கள். வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளர் சரிசெய்து தர வேண்டிய காலம் அது. நீங்கள் உடைத்த இடத்துக்கு அவர் பொறுப்பேற்க மாட்டார்.

புது டைல்ஸ் தட்டினால் வெற்றொலி, அல்லது ஒரு மதியம் "பட்" என்று கிளம்பி நிற்கிறது

நாணயத்தால் தட்டிக்கொண்டே போய், வெற்றொலி கேட்கும் டைல்ஸில் எல்லாம் பென்சிலால் குறியிடுங்கள். மூலைகளில் மட்டும் சிதறலாக இருந்தால் கவலை குறைவு. வரிசையாக, ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் அவை ஒருநாள் கூடாரம்போல எழும்பும்.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: போர்சலின் டைல்ஸைப் பழைய முறையில் ஒட்டியது. பழைய பீங்கான் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும். ஊறவைத்து, சிமெண்டு மணல் கலவையில் பதித்தால் பிடித்துக்கொள்ளும். போர்சலின் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவாகவே தண்ணீர் ஈர்க்கும். ஊறவைத்துப் பயனில்லை, வெறும் சிமெண்டுக்கு அதில் பிடியும் இல்லை. பாலிமர் கலந்த டைல்ஸ் பசைதான் வேண்டும். பசையைப் பல்லுள்ள கரண்டியால் தரை முழுக்க இழுத்து, பெரிய டைல்ஸ் என்றால் அதன் முதுகிலும் பூச வேண்டும். ஐந்து உருண்டை வைத்து அமுக்கும் வேலை சுவரிலும் கூடாது, தரையிலும் கூடாது. டைல்ஸின் முதுகில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

இரண்டாவது காரணம் இடைவெளி. கோடு தெரியாமல் நெருக்கி ஒட்டினால் அழகு என்று சிலர் நினைக்கிறார்கள். வெயில் படும் முன்கூடத்தில் அது நடக்காது. 2, 3 மி.மீ. இடுக்கும், சுவரோரம் சுவரடிப் பட்டைக்கு (ஸ்கர்ட்டிங்) கீழே ஒரு சிறு இடைவெளியும் விடுங்கள். கிளம்பிவிட்ட டைல்ஸை அமுக்கிப் பசை ஊற்றி ஒட்டும் ஊசி வித்தை ஒன்றிரண்டு டைல்ஸுக்குச் சரி. வரிசையே போனால் எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுவதுதான்.

பைப்பு மாற்றப் போய், சுவருக்குள் ஏதோ முறிந்தது

எழுபதுகள், எண்பதுகளில் கட்டிய வீடுகளில் உள்ளே ஓடுவது துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாய். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மரை உள்ளே துருவால் மெலிந்திருக்கும். ரென்ச்சை ஒரு சுற்று அழுத்தினால் மரை சுவருக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிடும். முதலில் வால்வை மூடுங்கள். பிறகு உடைந்த துண்டை எடுக்கும் கருவியை, அதாவது மரைக்குள் கடித்துப் பிடித்து எதிர்ப்பக்கம் திருகும் சிறு கூம்பை, ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள். அரை அங்குல மரை என்று சொன்னால் போதும். அதற்கும் வரவில்லை என்றால் அந்தக் குழாயின் ஆயுள் முடிந்துவிட்டது. ஒரு முழங்கை இணைப்பை மட்டும் மாற்றினால் அடுத்த இணைப்பு சொட்டத் தொடங்கும். சுவருக்கு வெளியே புது பிளாஸ்டிக் குழாய் இழுப்பதே மலிவு. அழகில்லை என்பவர்கள் பிறகு பெட்டி போட்டு மறைத்துக்கொள்ளலாம்.

பைப்பு மாற்றிய பிறகு தண்ணீர் மெலிந்தால், முதலில் பைப்பின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றிப் பாருங்கள். அசைத்த குழாயிலிருந்து கிளம்பிய துருத்தூள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். விநியோகம் நின்று திரும்பிய நாளிலும் இதே கதைதான். சமையலறைப் பைப்பில் நல்ல வேகம், மாடியில் மட்டும் மெலிவு என்றால் அது கோளாறே இல்லாமல் இருக்கலாம். சமையலறை தெருக் குழாயோடு நேராகச் சேர்ந்திருக்கும், மாடி கூரைத் தாங்கியை நம்பியிருக்கும். தாங்கியின் நீர்மட்டம் ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.2 பார் மட்டுமே. மழைபோலப் பொழியும் என்று விளம்பரத்தில் பார்த்த அகன்ற ஷவரை அங்கே மாட்டினால் அது சொட்டத்தான் செய்யும். பம்பு உள்ள வாட்டர் ஹீட்டர் வாங்கலாம், அல்லது தாங்கிக்குப் பின் பம்பு வைக்கலாம். தெருக் குழாயில் நேராகப் பம்பு வைப்பது சட்டப்படி கூடாது.

ஈ.எல்.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறது

எல்லாச் சிறு சுவிட்ச்களையும் கீழே இறக்குங்கள். ஈ.எல்.சி.பி.யை ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வழியில் கோளாறு. அந்த வழியிலுள்ள சாதனங்களைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றினால், குற்றம் சாதனத்திலா வயரிலா என்பது பிரிந்துவிடும். மழைக்கு மட்டும் விழுந்தால் தானியங்கி கேட், வெளி விளக்கு, கேட்டில் உள்ள அழைப்பு மணி என்ற வரிசையில் பாருங்கள்.

குழப்புவது இன்னொரு வகை. சாதனம் ஒன்றுமே இல்லை, சில நேரம் நிற்கிறது, சில நேரம் விழுகிறது. சமீபத்தில் அலமாரியோ சாமி படமோ மாட்டச் சுவரைத் துளைத்தீர்களா? ஆணி நியூட்ரல் கம்பியையும் எர்த் கம்பியையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருக்கும். வீட்டுச் சிறு சுவிட்ச் பெரும்பாலும் உயிர்க்கம்பியை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். ஆகவே கோளாறுள்ள வழியின் சுவிட்சை இறக்கி வைத்தாலும், வேறு அறையில் சோறு வேகும்போது ஈ.எல்.சி.பி. விழும். கடைசியாகத் துளைத்த துளைக்குப் போய் ஆணியை எடுங்கள், மெயினை அணைத்துவிட்டு. ஆணியை எடுத்ததும் நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உறை கிழிந்த வயர் உள்ளே இருக்கிறது.

இனி வருவது எச்சரிக்கை. சுவருக்குள் போகும் வயரில் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மூன்று ஃபேஸ் வீடுகளில் மஞ்சளும் நீலமும்கூட உயிர்க்கம்பி. கடையில் வாங்கும் சாதனத்தின் நெகிழ் வயரிலோ பழுப்பு உயிர்க்கம்பி, நீலம் நியூட்ரல். அதாவது ஒரே நீலம் சுவருக்குள் ஆளைக் கொல்லும், மேசை விளக்கில் கொல்லாது. நிறத்தை நம்பி நீலத்தோடு நீலத்தை இணைக்கும் வேலையை இணையக் காணொளி பார்த்துச் செய்யாதீர்கள். வேறு நாட்டு வீட்டில் எடுத்த காணொளிக்கு நம் சுவர் தெரியாது. விளக்கு மாற்றுவது, பிளக் மாட்டுவது சரி. புது வழி இழுப்பது, டிபி பெட்டியைத் திறப்பது, வாட்டர் ஹீட்டர் இணைப்பது மூன்றும் பதிவு பெற்ற வயர்மேன் வேலை, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. ஹீட்டர் 3.6 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக் அதற்குத் தாங்காது, டிபியிலிருந்து தனி வயர் வேண்டும். தரை நனையும் இடத்துக்கு 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கேட்பது 10 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு. பொதுவாக வீட்டுக்கு இருக்கும் 100 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. மட்டும் குளிப்பவரைக் காப்பாற்றாது.

டிரில் உள்ளே போகவில்லை, அல்லது போன திருகாணி நிற்கவில்லை

வெளியே கொட்டும் தூளைப் பாருங்கள். செம்மண் நிறம்: சுட்ட செங்கல், நல்ல பிடி. சாம்பல் நிறம், சுலபமாகப் போகிறது: சிமெண்டுக் கல், பிடி பரவாயில்லை. சாம்பல் நிறம், போகவே மறுக்கிறது: தூணோ உத்திரமோ. அங்கே துளையை நகர்த்துவதுதான் புத்தி. வெண்மையான மாவு, வெண்ணெயில் போவதாகத் தோன்றுகிறது: காற்றுக்குமிழ்க் கல் அல்லது சுண்ணாம்புப் பூச்சு. திருகாணியைப் பிடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் நிற்காது, அதற்கென்று அகன்ற திருகு பிளக் உண்டு. எந்தச் சுவரிலும் முதல் 15, 20 மி.மீ. பூச்சுதான். குட்டை பிளக் போட்டு மேல்கெபினட்டைத் தொங்கவிட்டால் அது பூச்சில் தொங்குகிறது, சுவரில் அல்ல.

புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் அலுமினிய அச்சில் வார்த்த கான்கிரீட்தான் சுவரே. சாதாரண டிரில் அங்கே சிணுங்கும். ரோட்டரி சுத்தியல் டிரில்லை வாடகைக்கு எடுத்தால் போதும். ஆனால் இரண்டு அறையை ஒன்றாக்க அந்தச் சுவரை உடைக்கலாமா என்று கேட்டால், கூடாது. மேல் மாடிகளின் பாரம் அதன் மேல் நிற்கிறது. சுவிட்சுக்கு நேர் மேலே, நேர் கீழே, பக்கவாட்டில் துளைக்காமல் இருப்பது எல்லா வீட்டுக்கும் பொது.

பின்சமையலறை நீட்டிய இடத்தில் விரிசல், பூசினாலும் திரும்ப வருகிறது

கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கின் தொடர் வீடுகளில் இதைப் போல் பொதுவான புகார் இல்லை. வீட்டின் பின்சுவரை உடைத்து, லோரோங் (பின்சந்து) வரை சமையலறையை இழுத்திருப்பார்கள். பழைய பாகமும் புதுப் பாகமும் சேரும் கோட்டில், தரையிலிருந்து சிலிங் வரை நேராக ஒரு விரிசல். புட்டி பூசிச் சாயம் அடித்தால் அடுத்த ஆண்டு அதே கோட்டில் மறுபடி தெரியும்.

மூல வீட்டின் அடித்தளம் பல இடங்களில் ஆழத்துக்கு இறக்கிய பைலிங் மேல் நிற்கிறது. நீட்டிய பாகம் மேலோட்டமான அடித்தளத்தில், மிஞ்சிப்போனால் பாக்காவ் எனும் சதுப்புநில மரக் கம்பங்கள் மேல் நிற்கிறது. பூச்சோங், சுங்கை பீசி பக்கத்தைப் போல ஈயம் தோண்டிய நிலமோ, மேடு பள்ளம் நிரப்பிய நிலமோ என்றால் இரண்டு பாகமும் ஒரே வேகத்தில் இறங்காது. அது கட்டட இயல்பு. விரிசலை இல்லாமல் செய்ய முடியாது. அது எங்கே, எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம்.

முதலில் அது இன்னும் நகர்கிறதா என்று பாருங்கள். விரிசலின் இரு நுனியிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் பசை வைத்து ஒட்டுங்கள், நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் கடக்கட்டும். அகலத்துக்கு வங்கி அட்டை நல்ல அளவுகோல்: அட்டை நுழையவில்லை, நுனியும் நகரவில்லை என்றால் மூடலாம்.

மூடும் முறைதான் எல்லாரும் தவறவிடுவது. கடினமான சிமெண்டையோ புட்டியையோ திணித்தால் பக்கத்தில் புது விரிசல் விழும். கோட்டை இங்கிலீஷ் வீ எழுத்துபோல ஒரு விரல் அகலத்துக்கு வெட்டித் திறந்து, தூளைத் துடைத்து, நுரைக் கயிற்றை உள்ளே வைத்து, சாயம் ஏற்கும் பாலியூரித்தேன் சீலண்டால் நிரப்புங்கள். சிலிக்கான் வேண்டாம், அதன் மேல் சாயம் நிற்காது. சுவர் அழகு முக்கியம் என்றால் அந்தக் கோட்டின் மேல் ஒரு அலுமினியப் பட்டையை, ஒரு பக்கம் மட்டும் ஆணி அடித்து மாட்டுங்கள். மறுபக்கம் நகர்வதற்கு இடம் இருக்கும்.

அதே கோட்டில் தண்ணீரும் வந்தால், உள்ளே பூசிப் பயனில்லை. நீட்டிய பாகத்தின் தட்டைக் கூரை மூல வீட்டின் சுவரில் முட்டும் இடத்துக்கு ஏறிப் பாருங்கள். அங்கே வெறும் சிமெண்டுச் சரிவு மட்டும் இருக்கும். அதைத் தட்டிவிட்டு, நீளும் தன்மையுள்ள நீர்தடுப்புப் படலத்தைத் துணி வலையோடு சுவரில் ஒரு சாண் ஏற்றிப் பூசி, அதன் மேல் நுனியை சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள் செருகி, மேலே உலோகத் தகடு மாட்டுங்கள். வேலைக்கு இரண்டு மழையில்லா நாள் வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கையை எடுத்துவிட்டுப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்: விரிசல் சாய்வாக, ஒரு நுனியில் அகன்று மறு நுனியில் மெலிந்து போகிறது, செங்கல் வரிசையைப் படிப்படியாகப் பின்பற்றுகிறது, தூணிலோ உத்திரத்திலோ விழுந்திருக்கிறது, முன்பு நன்றாக இருந்த கதவு இப்போது சட்டத்தில் சிக்குகிறது. கார் நிற்கும் தரையோ வீட்டைச் சுற்றிய சிமெண்டு நடையோ மட்டும் இறங்கியிருந்தால் அவ்வளவு பயமில்லை. அவை பெரும்பாலும் வீட்டோடு சேராமல் மண்ணின் மேல் தனியாகப் படுத்திருப்பவை.

புதுக் கெபினட்டுக்குப் பின்னால் மண் கோடு

கரையான். பார்த்ததும் மருந்தடிக்கத் தோன்றும், அடிக்காதீர்கள். கடையில் விற்கும் தெளிப்பு கண்ணில் பட்டவற்றைக் கொல்லும், புற்று வேறு வழியில் வரும், அடுத்த முறை எங்கே என்று தெரியாது. மண் குழாயை ஒரு விரல் அளவு உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். அடைத்திருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. இரை வைத்துப் புற்றோடு அழிக்கும் ஆட்களை அந்த வழி கலையாமல் இருக்கும்போதே கூப்பிடுங்கள். கெபினட்டை மறுபடி மாட்டும்போது சுவரோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளியும், அடியில் அலுமினியக் காலும் கொடுங்கள்.

பழைய சிலிங்கை இடிக்கப் போகிறேன்

சாம்பல் நிறத் தட்டைத் தகடு, இணைப்புகளில் மரச்சட்டம் அடித்தது, எழுபது எண்பதுகளில் கட்டிய வீடு என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு நடங்கள். உடைக்காமல், அறுக்காமல், தேய்க்காமல் இருந்தால் அதனால் தொல்லை இல்லை. அப்படியே விட்டு அடியில் புதுச் சிலிங் போடுவதே மலிவும் பாதுகாப்பும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்குரிய ஆட்களிடம் விடுங்கள். துணி முகக்கவசம் அந்த நாரைத் தடுக்காது. உடைந்த தகடு சாதாரணக் குப்பையிலும் போகக் கூடாது, அது அட்டவணைக் கழிவு, அதாவது அபாயகரமானது என்று சட்டம் பட்டியலிட்ட கழிவு.

வேலை பாதியில் நிற்கச் சொல்லி அறிவிப்பு வந்திருக்கிறது

பாரம்பரியப் பகுதி முகப்பைத் தவிர, சாயம், டைல்ஸ், கெபினட் போன்றவற்றுக்கு யாரும் வரப்போவதில்லை. சுவர் இடிப்பது, நீட்டுவது, கூரை போடுவது 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் முன்அனுமதி கேட்கும் வேலைகள். கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திலும், பினாங்குத் தீவில் அங்குள்ள மாநகர் மன்றத்திலும் வரைபடம் கொடுக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அதுவரை சுத்தியலைத் தொடாதீர்கள். அடுக்குமாடியில் இதற்கு மேலே நிர்வாகத்தின் அனுமதியும் வைப்புத்தொகையும் உண்டு, சத்தம் போடும் நேரமும் அவர்கள் சொல்வதுதான். வைப்புத்தொகை திரும்பாமல் போவதற்கு அதிகம் காரணமாவது இடிபாட்டு மூட்டைகள். அவற்றை லிப்ட் ஓரத்திலோ பின் லோரோங்கிலோ அடுக்காமல், இடிப்பதற்கு முந்தைய நாளே ரோரோ தொட்டிக்கு (லாரியில் வந்து இறங்கும் பெரிய குப்பைத் தொட்டி) சொல்லிவிடுங்கள். தொட்டி நிற்கும் இடத்துக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை.